சப்தம் புகாத அறை

உங்கள் வீட்டில் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, காதில் என்னென்ன விழுகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? இல்லையென்றால் இன்றைக்கே செய்து பாருங்கள். குக்கரின் விசில், அடுத்த வீட்டு மிக்ஸி, தலைக்கு மேல் மின்விசிறி, தெருவில் கீரைக்காரியின் குரல், மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கும் ஓசை என்று பத்துக்குக் குறையாது. இத்தனைக்கும் நடுவில்தான் நாம் பேசுகிறோம், தூங்குகிறோம், குழந்தைக்குப் பாடம் சொல்லித் தருகிறோம். அவை நம்மைத் தொந்தரவு செய்வதே இல்லை. நம் காது அவ்வளவு நல்ல பிறவி! வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டுவிடும்.

மைக்குக்கு அந்த நல்ல புத்தி கிடையாது. பாட்டையும் பிடித்துக்கொள்ளும், பக்கத்து வீட்டு மிக்ஸியையும் பிடித்துக்கொள்ளும். இரண்டும் அதற்கு ஒன்றுதான். அந்த மைக்கை நம்பிப் பிழைக்கிறவர் என் கணவர். பத்திரிகைக்காரியான நான் ஊரார் வீட்டு விஷயங்களையெல்லாம் எழுதியிருக்கிறேன். இன்று என் வீட்டு விஷயத்தை எழுதப் போகிறேன். காரணம் கடைசியில் தெரியும்.

இவர் பதினான்கு வருஷம் ஒரு டப்பிங் தியேட்டரில் ஒலிப்பதிவு செய்துவந்தார். 2020-ல் ஊரடங்கு வந்தது, தியேட்டர் மூடியது, மறுபடி திறக்கவே இல்லை. ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஒரு நாள் சாப்பிடும்போது, சாதத்தைப் பிசைந்துகொண்டே, "கொல்லையில் ஒரு ஸ்டூடியோ கட்டலாம் என்றிருக்கிறேன்" என்றார்.

எங்கள் வீடு இருப்பது நங்கநல்லூரில். ஒரு பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம். இன்னொரு பக்கம் பழவந்தாங்கல் ஸ்டேஷன். பத்து நிமிஷத்துக்கு ஒரு மின்சார ரயில். மார்கழி பிறந்தால் விடியற்காலை நாலரை மணிக்கே ஒலிபெருக்கி. இங்கேயா ஸ்டூடியோ? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதே. அந்தக் காலத்து டாக்கிப் படங்களை எப்படி எடுத்தார்கள் தெரியுமா?" என்றார் இவர். 1931-ல் 'காளிதாஸ்' வந்து தமிழ் சினிமா பேச ஆரம்பித்தபோது, படம் பிடிக்கும் இடத்திலேயே பாட்டையும் வசனத்தையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பின்னால் இங்கே ஸ்டூடியோக்கள் வந்த காலத்திலும் சூரிய வெளிச்சத்துக்காக வெட்டவெளியில் படம் பிடிப்பார்கள். கதாநாயகி சோகமாகப் பாடும்போது காக்கை கரைந்தால் தீர்ந்தது; மறுபடி முதலிலிருந்து! அதனால் காக்கை விரட்டவென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்களாம்.

"நமக்கு விமானம் விரட்ட ஆள் கிடைக்குமா?" என்று கேட்டேன். இவர் பதில் சொல்லவில்லை. பேச்சை மாற்றி, வேறொரு கதை சொன்னார்.

1989-ல் ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டோடு ஓர் ஒலிப்பதிவுக் கூடம் கட்டினார். அறை தயாராகிவிட்டது, உள்ளே வைக்கக் கருவி வாங்கப் பணமில்லை. அவருடைய தாயார் கரீமா பேகம் தம் நகைகளைக் கொடுத்தார். அதைக் கொண்டுதான் முதல் கருவி வந்தது. ரஹ்மானே பிற்பாடு இதைச் சொல்லியிருக்கிறார். 1992-ல் 'ரோஜா' வந்த பிறகு நடந்ததெல்லாம் உலகம் அறிந்தது.

கதையைச் சொல்லிவிட்டு இவர் என் கழுத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நானும் புரியாதவள் மாதிரி ரசத்தை ஊற்றினேன். என் அத்தைதான், அதாவது மாமியார்தான், சட்டென்று குறுக்கே பேசினார்.

"ஏண்டா ராஜா, அந்தப் பிள்ளைக்கு நகை கொடுத்தது அம்மாதானே? பெண்டாட்டி இல்லையே? என் இரட்டைவடச் சங்கிலி பெட்டியில் சும்மாதான் தூங்குகிறது. எடுத்துக்கொண்டு போய் வை. ஆனால் ஒன்று, என் துவைக்கிற கல்லை மாத்திரம் தூக்கிப் போட்டுவிடாதே!"

வீட்டில் சலவை யந்திரம் இருந்தும் தம் புடவையைத் தாமே கல்லில் துவைக்கிறவர் அவர். அன்று எழுபதாவது வயது. கல் கொல்லையின் நடுவில் இருந்தது. கட்டடத்துக்கு இடம் வேண்டுமே என்று அதைப் பின்சுவருக்கும் மதிலுக்கும் நடுவே குறுகலான சந்துக்கு நகர்த்தினார்கள். அதை அப்போது யாரும் ஒரு விஷயமாக நினைக்கவில்லை.

* * *

2022 தை மாதம் கடைக்கால் தோண்டினோம். சப்தம் வராமல் தடுப்பது பற்றி என் அறியாமையைச் சொல்லிவிடுகிறேன். சுவர் முழுக்கப் பஞ்சும் ஸ்பாஞ்சும் ஒட்டினால் போதும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இவருடைய சிநேகிதர் ஒருவர் முட்டை அடுக்கும் அட்டைகளை ஒட்டச் சொன்னார். எங்கள் சைவ வீட்டுக்கு முட்டை அட்டை வந்தால் அத்தை என்ன சொல்வாரோ என்று நான் கவலைப்பட்டேன். கவலையே தேவைப்படவில்லை. முட்டை அட்டை சப்தத்தை ஏறக்குறைய ஒன்றும் தடுப்பதில்லையாம்!

"பஞ்சு தண்ணீரை உறிஞ்சும். அதற்காகப் பஞ்சால் வாளி செய்ய முடியுமா?" என்று கேட்டார் இவர். அறைக்குள் எழுகிற எதிரொலியை அடக்குவது ஒரு வேலை. வெளிச் சப்தத்தை வரவிடாமல் நிறுத்துவது வேறு வேலை. முதல் வேலைக்குத்தான் பஞ்சு. இரண்டாவதற்கு எடை வேண்டும், இடைவெளி வேண்டும், அடைப்பு வேண்டும்.

எடையென்றால் கனத்த சுவர். எங்கள் வெளிச்சுவர் ஒன்பது அங்குலச் செங்கல், இரண்டு பக்கமும் பூச்சு. "இன்னும் கனமாகப் பதினெட்டு அங்குலமாகக் கட்டிவிட்டால் என்ன?" என்று கேட்டேன். சப்தத்தை டெசிபல் என்று அளக்கிறார்கள். நாம் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெசிபல். பத்து டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதியாகத் தோன்றும். சுவரின் எடையை இரட்டித்தாலோ குறைவது ஆறு டெசிபல்தான்! செலவு இரட்டிப்பு, பலன் சொற்பம். சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டே போவது கெட்டிக்காரத்தனம் அல்ல.

ஆகவேதான் இடைவெளி. ஓர் அறைக்குள் இன்னோர் அறையைக் கட்டி, இரண்டும் ஒன்றையொன்று எங்கேயும் தொடாமல் வைப்பது. தரையில் சிறு சிறு ரப்பர் கட்டைகளைப் பரப்பி, பலகை அடுக்கி, அதன்மேல் தனியாக ஒரு கான்கிரீட் தளம். அந்தத் தளத்தின்மேல் இரும்புச் சட்டம், சட்டத்தின்மேல் இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை, கூரையும் தனி. நடுவில் நாலு அங்குலம் காலி. அதில் ராக்உல் என்கிற கல்நார்ப் பஞ்சு மாதிரியான மெத்தை. வெளியே பதினாறு அடி அகலமுள்ள கட்டடம் உள்ளே பதின்மூன்று அடிதான் தேறிற்று.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "வீட்டுக்குள்ளே ஒரு வீடா சார்? எதற்கு?"

அத்தை விளக்கினார்: "ஒரே கூரைக்குக் கீழே மாமியார் மருமகள் தனி அடுப்பு வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. ஒட்டக்கூடாது. ஒட்டினால் சத்தம் வரும்!"

மேஸ்திரிக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்தான்.

ஆனாலும் ஒட்டிவிட்டது! வேலை முடிகிற சமயம், கிழக்கு மூலையில் மட்டும் ரயில் போகிற உறுமல் மெதுவாகக் கேட்டது. இவர் ஒரு ஸ்டெதாஸ்கோப்பை வாங்கி வந்து, டாக்டர் மாதிரி சுவரின் ஒவ்வோர் அங்குலத்திலும் வைத்துக் கேட்டார். ஓரிடத்தில் பலகையை அறுத்துப் பார்த்தால், உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு மரத்துண்டு! சட்டம் ஆடாமல் இருக்க ஒரு பையன் இரண்டு சுவர்களுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்திருக்கிறான், எடுக்க மறந்துவிட்டான். அத்தனை லட்சத்தையும் அந்த ஒரு சாண் கட்டை கெடுத்திருக்கும். எடுத்ததும் ரயில் நின்றுவிட்டது.

மூன்றாவது அடைப்பு. எவ்வளவு பலமான சுவரானாலும், அதன் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும். தடுக்கக்கூடியது 20 டெசிபலுக்கு மேல் போகாது. காற்று போகிற சந்தெல்லாம் சப்தம் போகிற சந்து. கதவுக்கு அடியில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தால் கதவே இல்லாததற்குச் சமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள்; கனத்த மரம்; விளிம்பெல்லாம் ரப்பர். இரவில் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு, நான் வெளியே நின்று டார்ச் அடித்தேன். எங்கெல்லாம் வெளிச்சக் கீற்றுத் தெரிந்ததோ அங்கெல்லாம் இவர் சிலிகான் பசையைப் பூசினார். உங்கள் வீட்டில் தெருச் சப்தம் அதிகமென்றால் இந்த டார்ச் வித்தையை நீங்களும் செய்து பார்க்கலாம். நூறு ரூபாய் ரப்பர்ப் பட்டை, ஆயிரம் ரூபாய்த் திரைச்சீலை செய்யாததைச் செய்யும்.

பாடுகிறவரும் பதிவு செய்கிறவரும் ஒருவரையொருவர் பார்ப்பதற்கான ஜன்னலில் இரண்டு கண்ணாடிகள். ஒன்று 10 மில்லிமீட்டர், மற்றொன்று 6. ஏன் இந்த ஓரவஞ்சனை? ஒவ்வொரு கனத்துக்கும் அது எளிதில் அதிர்கிற ஸ்வரம் ஒன்று உண்டு. இரண்டும் ஒரே கனமாக இருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் ஏமாந்துவிடும். காற்றுக்கு வழி வேண்டுமே? இல்லாவிட்டால் உள்ளே இருப்பவருக்குப் புழுங்கிப்போகும். பஞ்சு ஒட்டிய அகலமான பெட்டி ஒன்று, பாம்பு மாதிரி வளைந்து வளைந்து, காற்றை மெதுவாக உள்ளே விடுகிறது. ஒவ்வொரு வளைவிலும் சப்தம் களைத்துப்போகிறது.

* * *

அப்புறம் உள் அலங்காரம். வெறும் சுவருடன் அறைக்குள் கைதட்டினால் தகர டப்பாவுக்குள் தட்டுவதுபோல் இருந்தது. இந்த எதிரொலியை முதன்முதலில் கணக்குப் போட்டு அளந்தவர் அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையின் ஆசிரியர் வாலஸ் சபைன். 1895-ல், அங்கே புதிதாகக் கட்டிய ஒரு மண்டபத்தில் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை என்று அவரைக் கூப்பிட்டார்கள். அவர் பக்கத்து நாடக சாலையிலிருந்து ஆசன மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து, இத்தனை மெத்தைக்கு இவ்வளவு எதிரொலி குறைகிறது என்று அளந்து, விடிவதற்குள் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவாராம்! மனிதர் உடுத்தும் துணிகூடச் சப்தத்தைக் குடிக்கிறது என்று தெரிந்ததும், சோதனை செய்யும் நாளெல்லாம் ஒரே மாதிரி உடையையே அணிந்தாராம். அவர் வீட்டு அம்மாள் என்ன சொன்னாரோ!

எங்கள் அறைச் சுவர்களில் ராக்உல் பலகைகளை மாட்டினோம். தூள் உடம்பில் பட்டால் அரிக்கும். ஆகவே முகமூடி, கையுறை. மேலே போர்த்தும் துணி காற்றைத் தடுக்கக்கூடாது. வாயை வைத்து ஊதினால் மூச்சு மறுபக்கம் போக வேண்டும், அதுதான் பரீட்சை. கடைத் துணிகள் பல தோற்றுப் போயின. அத்தையின் பழைய சுங்குடிப் புடவைகள் பரீட்சையில் தேறின! பதினோரு புடவைகள். "என் சங்கிலி ஒரு பக்கம், புடவை ஒரு பக்கம். இனி நான்தான் அந்த ரூமுக்குள்ளே இருக்கிறேன்" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

2023 ஆவணியில் வேலை முடிந்தது. பன்னிரண்டு லட்சம் என்று போட்ட கணக்கு பதினேழில் வந்து நின்றது. முதல் தடவை இரண்டு கதவுகளையும் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். அந்த நிசப்தத்தை எப்படிச் சொல்வது? காதுக்குள் மெல்லிய இரைச்சல்; கூர்ந்து கேட்டால் என் நெஞ்சு அடிப்பது. விமானம் ஒன்று தலைக்கு மேலே போய்விட்டதாக இவர் மணியைப் பார்த்துச் சொன்னார். எனக்குத் தெரியவே இல்லை.

இவர் முகத்தில் மூன்று வருஷமாகக் காணாத சிரிப்பைக் கண்டேன்.

* * *

ஐப்பசி மாதம். ஒரு வியாழக்கிழமை. விட்டுவிட்டு மழை. நான் ஆபீஸில் இருந்தேன். இவர் உள்ளே, ஒரு பெண் நாவல் வாசிப்பதைப் பதிவு செய்துகொண்டிருந்தார். உள்ளே போனால் டெலிபோனை அணைத்துவிட வேண்டும் என்பது சட்டம்.

அத்தை துவைக்கிற கல்லண்டை வழுக்கி விழுந்தார். அந்தச் சந்தில் வெயில் படுவதில்லை, பாசி பிடித்திருந்தது. எழுந்திருக்க முடியவில்லை. பிள்ளையைக் கூப்பிட்டார். பிள்ளை இருந்த இடம் ஆறடி தூரம். மழைக்காக அக்கம்பக்கத்து ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன.

அத்தியாயம் முடிந்து, காப்பிக்காக இவர் கதவைத் திறந்தபோது நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

நல்ல வேளை, மணிக்கட்டு எலும்பு முறிவோடு போயிற்று. இடுப்பில் வெறும் வீக்கம்தான். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் இவர் உட்கார்ந்திருந்த கோலம் என் கண்ணை விட்டுப் போகாது. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், "சுவரை இடிக்கப் போகிறேன்" என்றார். வெறும் வார்த்தை அல்ல. மேஸ்திரிக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

கையில் மாவுக்கட்டோடு படுத்திருந்த அத்தை கூப்பிட்டார். "ஏண்டா ராஜா, நான் எத்தனையோ தரம் கூப்பிட்டேனே, ஒன்றுகூடவா உள்ளே வரவில்லை?"

"இல்லை அம்மா."

"அப்படியென்றால் அறையை நன்றாகத்தான் கட்டியிருக்கிறாய். என் சங்கிலி வீண் போகவில்லை. எதற்கு இடிக்க வேண்டும்?"

இவர் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். அவர் சிரித்துக்கொண்டே இவர் தலையைத் தடவினார்.

ஆனால் அன்று ராத்திரி, நான் பக்கத்தில் படுத்திருந்தபோது, அத்தை மெதுவாகச் சொன்னது வேறு. "பயமாகத்தான் இருந்தது அம்மாடி. சுவர் கண்ணுக்கு எதிரே. அந்தப் பக்கம் பிள்ளை. சின்ன வயசில் தூக்கத்தில் கூப்பிட்டால்கூட எழுந்து வருவான். கூப்பிடக் கூப்பிட, நான்தான் வாயைத் திறக்கவில்லையோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது."

இதை நான் இவரிடம் இன்றுவரை சொன்னதில்லை. பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

* * *

சுவரை இடிக்கவில்லை. மேஸ்திரி வந்தது வீண் போகாமல், துவைக்கிற கல்லை முன்வாசல் பக்கம், வெயில் படுகிற இடத்துக்கு மாற்றினார். கீழே சொரசொரப்பான ஓடு பதித்தார். இரண்டு அறைகளிலும் சிவப்பு விளக்கு வைத்தோம். சமையலறை, குளியலறை, கல்லண்டை, அத்தையின் கட்டில் ஆகிய நாலு இடங்களில் பொத்தான். எங்கே அமுக்கினாலும் உள்ளே விளக்கு மின்னும். மணி அடிக்காது, ஆகவே பதிவு கெடாது. கம்பி போகிற துளையைச் சுற்றி அடைத்தாகிவிட்டது.

இதில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். எலெக்ட்ரீஷியன் பொத்தானை வழக்கம்போல் நாலடி உயரத்தில் வைக்கப் போனார். அத்தைதான் தடுத்தார். "விழுந்து கிடக்கிறவளுக்கு நாலடி எட்டுமா அப்பா?" என்றார். இப்போது ஒவ்வோர் இடத்திலும் இரண்டு பொத்தான்கள். ஒன்று நாலடியில், மற்றொன்று தரையிலிருந்து ஓரடியில். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், ஸ்டூடியோ கட்டாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள்.

எல்லாம் சேர்த்துச் செலவு மூவாயிரம் ரூபாய்க்குள். பதினேழு லட்ச ரூபாய்க் கணக்கு நோட்டில் ரப்பர் கட்டைக்குப் பக்கம் இருந்தது, கண்ணாடிக்கு இருந்தது, பசைக்கு இருந்தது. எந்தெந்தச் சப்தம் உள்ளே வரக்கூடாது என்று ஒன்றரை வருஷம் யோசித்தோம். எது வந்தே தீர வேண்டும் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. எங்களுக்குப் புத்தி வந்த விலை அத்தையின் மணிக்கட்டு.

2025 சித்திரையில் இரட்டைவடச் சங்கிலியை மீட்டுக் கொடுத்தோம். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அத்தைதான் இப்போது ஸ்டூடியோவின் மானேஜர்! பொத்தானுக்கு அவரே ஒரு பாஷை ஏற்படுத்தியிருக்கிறார். ஒரு தரம் அமுக்கினால் காப்பி தயார். இரண்டு தரம் என்றால் யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள். மூன்று தரம் என்றால் சாம்பார் ஆறிக்கொண்டிருக்கிறது, பாட்டெல்லாம் அப்புறம்.

விடாமல் அமுக்கினால், உடனே வா என்று அர்த்தம். இதுவரை அவர் அப்படி அமுக்கவில்லை. ஆனாலும் அந்த விளக்கு ஒரு தரம் மின்னினால்கூட, இவர் பாதிப் பாட்டில் எழுந்து நின்றுவிடுகிறார்.